பச்சைத் தடத்தில் ஒரு பாறை

ஊருக்குப் பின்னால் மலை ஏறத் தொடங்குகிற இடத்தில், குடிநீர்த் தொட்டிக்குக் கீழே, சைக்கிள் தடங்கள் பதினொன்று இருக்கின்றன. பச்சைத் தகரம் அடித்திருந்தால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். நீலம் என்றால் கொஞ்சம் பழகியவர்கள். கருப்பு என்றால் தன் எலும்புகளின் மேல் பெரிய பாசம் இல்லாதவர்கள். வேறு ஊர்களிலும் இப்படித்தான் என்கிறார்கள். ஆனால் இந்த ஊரில் மட்டும், விருந்தாளி யாராவது சைக்கிளை எடுத்தால் வீட்டுக்காரர்கள் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "நீலத்துல போங்க. கருப்புலகூட இறங்கித் தள்ளிக்கிட்டு வந்துடலாம். முதல் பச்சைப் பக்கம் மட்டும் போயிடாதீங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். சொல்லும்போதே அக்கம்பக்கம் பார்த்துக்கொள்வார்கள். வால்வுக்காரர் காதில் விழுந்தால் வம்பு.

வால்வுக்காரர் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் முப்பத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவர். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் போக வேண்டும் என்பது அவர் தோளில் தொங்கிய நீளமான ஸ்பேனரில் இருந்தது. அதனாலேயே ஊரில் யாரும் அவரிடம் வாயைக் கொடுக்க மாட்டார்கள். இன்றைக்குச் சண்டை போட்டால் நாளைக் காலையில் குழாயைத் திறக்கும்போது காற்றுதான் வரும் என்று ஒரு பயம். அவர் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. செய்ய மாட்டேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்ததும் இல்லை.

ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிவிட்டது. ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் முதல் பச்சைத் தடம் என்ற ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இன்னும் அதே கறார். அந்தத் தடத்தைத் தனி ஆளாக வெட்டியவர் அவர்தான்.

முப்பத்துநாலு வருஷத்துக்கு முந்தைய கதை அது. அப்போது அவருக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். மனைவிக்கு ஊர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. இப்போது போலப் பொத்தானை அழுத்தினால் திரையில் படம் வந்துவிடுகிற காலமில்லை. படத்தை எடுத்து இருட்டறையில் கழுவ வேண்டும். மாடிப்படிக்கு அடியில், ஜன்னலே இல்லாத அறை. சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு. வரிசையாகத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் மூக்கை அரிக்கிற மருந்துத் தண்ணீர். படங்களைக் கிளிப்பில் மாட்டி ஒவ்வொரு தொட்டியாக முக்கி எடுத்து, கொடியில் துணி போடுவதுபோல வரிசையாகக் காயப்போடுவாள். காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் வெளியே வருவாள். வந்ததும் மருத்துவமனை வாசலில் நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒரு நிமிஷம் வெளிச்சத்தைப் பழக்கிக்கொள்வாள்.

வாசலுக்கு எதிரே சைக்கிளுடன் காத்திருக்கும் வால்வுக்காரர் தினமும் அந்த ஒரு நிமிஷத்தைப் பார்த்தார். அவரோ காலையிலிருந்து மலையில் குழாயோடு குழாயாக நடந்து, வெயிலில் காய்ந்து கருவாடாகி வந்திருப்பார். தனக்குக் கிடைக்கிற வெயிலில் பாதி அவளுக்குச் சேர வேண்டியது என்று அவருக்குத் தோன்றியது. யாருக்கும் தோன்றாத கணக்கு. ஆனால் அவருக்குத் தோன்றிவிட்டால் தோன்றியதுதான்.

தொட்டியிலிருந்து பம்ப் ஹவுஸ் வரைக்கும் தினமும் அவர் சைக்கிளில்தான் இறங்குவார். குழாயை ஒட்டிய செங்குத்துப் பாதை அது. அவளைக் கூட்டிக்கொண்டு இறங்க முடியாது. சரி, அவளுக்காகவே வளைந்து வளைந்து சுலபமாக இறங்குகிற மாதிரி ஒரு தடம் வெட்டிவிடலாம் என்று முடிவு செய்தார். வேலை முடிந்த கையோடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விடுவார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே தேங்கும், எங்கே மண்ணை அரிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதனால் தடம் மழைக்குக் கரையாமல் நின்றது. ஐந்து மாதம். பாதி தூரத்தில் ஒரு பாறை மட்டும் குறுக்கே வந்தது.

கட்டில் அகலத்துக்குப் பாறை. அதை உடைக்க முடியாது, ஏனென்றால் அதற்கு நேர் கீழே ஊரின் மெயின் குழாய் போகிறது. கடப்பாரையை ஓங்கிப் போட்டால் குழாய் விரிசல் விடும். எந்தக் குழாயைக் காப்பாற்ற நகராட்சி அவருக்குச் சம்பளம் கொடுக்கிறதோ அதே குழாய். அதனால் தடத்தைப் பாறைமேலேயே ஏற்றி, மறுபக்கம் பொத்தென்று ஒரு படிபோல இறக்கிவிட்டார். இறங்கியதும் சட்டென்று இடது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் நேரே பள்ளம். வாசப்படி என்று பிற்பாடு ஊரார் அதற்குப் பேர் வைத்தார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். அன்று அவள் சைக்கிளில் பிரேக் சரியில்லை என்று நடந்தே பார்த்துவிட்டு வந்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறுதான் அவள் ஓட்டினாள்.

அந்தக் காலையைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் வால்வுக்காரரிடம்தான் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்வார். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. மண் கெட்டியாகவும் இல்லை, சொதசொதப்பாகவும் இல்லை. அவர் பாறைக்குக் கீழே திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தார். மேலே மரங்களுக்கு நடுவில் அவளுடைய நீலச் சட்டை தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. இப்போது போல முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் வைத்த சைக்கிளா அது? இரும்பைக் காய்ச்சி ஊற்றிய மாதிரி கனம், மணி அடித்தால் மட்காடும் சேர்ந்து அடிக்கும். அந்த வண்டியில் அவள் வந்தாள். பாறைமேல் ஏறினாள், உட்கார்ந்த இடத்திலிருந்து லேசாக எழுந்து பின்னால் சாய்ந்தாள், இறங்கினாள், திரும்பினாள், போய்விட்டாள். காலை ஒரு தரம்கூட ஊன்றவில்லை. அவர் பின்னாலேயே ஓடினார். பம்ப் ஹவுஸ் பின்சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, முகமெல்லாம் வெயிலாக அவள் நின்றுகொண்டிருந்தாள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். "அதுக்கென்ன, சுலபமாத்தான் இருந்துச்சு" என்றாள். வால்வுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே ஒரு தகரத்தைப் பச்சையாக அடித்துக் கொண்டுபோய்த் தொட்டிக்குப் பக்கத்து மரத்தில் மாட்டினார். அவர் வாழ்க்கையில் அதைவிட நல்ல காலை வந்ததில்லை. இதை அவரே சொல்வார், கல்யாண நாளைக்கூடச் சேர்த்துக்கொண்டு சொல்வார், மனைவியை வைத்துக்கொண்டே சொல்வார்.

அதற்குப் பிறகுதான் சைக்கிள் கடைக்காரரும் இன்னும் சில பேரும் சேர்ந்தார்கள். வருஷத்துக்கு ஒன்று, இரண்டு வருஷத்துக்கு ஒன்று என்று தடங்கள் பெருகின. என்ன வண்ணத் தகரம் அடிப்பது என்பதற்கு ஊரில் ஒரு முறை இருந்தது. புதுத் தடம் தயாரானதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் ஃபிளாஸ்க்கில் டீயோடு கூடுவார்கள். எக்ஸ்ரேயம்மா, அதாவது வால்வுக்காரர் மனைவி, கால் ஊன்றாமல் இறங்கினால் பச்சை. அவள் கால் ஊன்றி, சைக்கிள் கடைக்காரர் ஊன்றாமல் இறங்கினால் நீலம். கடைக்காரர் உருண்டால் கருப்பு. கடைக்காரருக்கு இதில் வருத்தம்தான். ஆனாலும் நேர்மையாக உருண்டார்.

இந்த முறையில் ஒரு கோளாறு இருந்தது. மற்றத் தடங்களில் அவள் சின்ன மேட்டுக்கெல்லாம் காலை ஊன்றிவிடுவாள். ஒரு சாண் உயரத்து வேரைப் பார்த்தால் இறங்கித் தள்ளுவாள். உடனே அங்கே நீலம். ஆனால் முதல் தடத்தின் வாசப்படியில் மட்டும் வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போவாள். ஆகவே அது பச்சை. கடைசியில் ஊரின் நீலத் தடங்களை எல்லாம்விட அந்தப் பச்சை கஷ்டமாக இருந்தது. வெளியூர்க்காரர்கள் பச்சையை நம்பி வந்து, பாறையில் தலைகுப்புற விழுந்து, கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போவார்கள். அங்கே எக்ஸ்ரே எடுப்பது யார்? அவளேதான். "இன்னிக்கு ரெண்டு பேர்" என்று வீட்டில் சொல்வாள். "ஓட்டத் தெரியாதவனுங்க" என்பார் வால்வுக்காரர். அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

இப்படியே காலம் ஓடிவிட்டது. அவளுக்கும் ஓய்வு வந்தது. இருட்டறை போய்க் கம்ப்யூட்டர் வந்ததையும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். முட்டி வலியால் ஆறு வருஷமாகச் சைக்கிளைத் தொடவில்லை.

இந்த வருஷம் தடக் குழுவுக்கு ஒரு கடிதம் வந்தது. குழுத் தலைவர் இப்போது சைக்கிள் கடைக்காரர்தான். எல்லா ஊர்த் தடங்களையும் ஒரே அளவுகோலில் வரைபடம் போடப்போகிறார்களாம். படி இவ்வளவு உயரத்துக்கு மேல் இருந்தால் பச்சை கூடாதாம். ஒன்று, இயந்திரத்தை விட்டுப் பாறையை உடைத்துத் தடத்தைச் சமமாக்க வேண்டும். மெயின் குழாயை வேறு பக்கம் மாற்றிப் பத்து வருஷம் ஆகிவிட்டதால் இப்போது உடைக்கத் தடையில்லை. இல்லையென்றால், கருப்புத் தகரம் அடிக்க வேண்டும். மாதக் கடைசிக்குள்.

கடைக்காரர் கடிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, டீயைக் குடித்து முடித்து, இன்னொரு டீயும் குடித்து, பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணே, கோபப்படாம கேளுங்க."

"நீ சொல்றதுக்கு முன்னாடியே கோபம் வந்துடுச்சு. சொல்லு."

கேட்டு முடித்ததும் வால்வுக்காரர் குதித்தார். "உடைக்கவும் விடமாட்டேன், கருப்பும் அடிக்க விடமாட்டேன். அது எல்லாரும் ஓட்டறதுக்காக வெட்டின தடம்டா. ஒருநாள்கூட மலையில ஓட்டாத பொண்ணு முதல் தடவையே கால் ஊணாம இறங்கினா. நீ பாக்கல, நான் பாத்தேன். பச்சைன்னா பச்சைதான்."

கருப்பு அடித்தால் அவருக்கு என்ன போயிற்று என்று கேட்கலாம். ஊரில் பலர் கேட்டார்கள். அவருக்கு அது வெறும் தகரமில்லை. அவளுக்காகச் சுலபமாக ஒரு வழி செய்தோம் என்பதுதான் அவருடைய முப்பத்துநாலு வருஷத்துப் பெருமை. கருப்பு அடித்தால், அவளுக்காகச் செய்தது அவளுக்கு ஆகாதது என்று மரத்தில் எழுதி மாட்டின மாதிரி.

"அப்ப ஒண்ணு செய்வோம்ணே," என்றார் கடைக்காரர். "இதுவரைக்கும் அதுல ஓட்டாத ஆள் யாராவது ஒருத்தர் ஓட்டிக் காட்டட்டும். விழாம இறங்கிட்டா நானே பச்சைக்கு எழுதிப் போடறேன்."

அந்த நேரம் பார்த்து வெளியூரிலிருந்து வந்திருந்தாள் மனைவியின் தங்கை. தபால் நிலையத்தில் வேலை, தினமும் சைக்கிளில்தான் போய்வருவாள். வயது ஐம்பத்திரண்டு, வாய்க்கு மட்டும் வயதாகவில்லை. "அக்காவே இறங்கினான்னா நான் இறங்க மாட்டேனா? சின்ன வயசுல என்கிட்ட ஒரு பந்தயத்துலகூட ஜெயிச்சதில்ல இவ. அத்தான், நான் ஓட்டறேன்" என்றாள். வால்வுக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. "கேட்டியாடா?" என்று கடைக்காரரைப் பார்த்தார்.

மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "உனக்கு எதுக்குடி இந்த வேலை? விழுந்து வச்சா உன் வீட்டுக்காரருக்கு யார் பதில் சொல்றது?" என்றாள். "நீ விழுந்தியா?" என்று தங்கை கேட்டாள்.  மனைவி துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள். வால்வுக்காரர் அதைக் கவனிக்கவில்லை. அவர் மனசு அப்போதே வரப்போகிற ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

ஞாயிறு காலை கொழுந்தியாளைத் தொட்டியருகே விட்டுவிட்டு, வால்வுக்காரர் பாறைக்குக் கீழே அதே திருப்பத்தில் வந்து நின்றார். கடைக்காரர் கடிதத்தோடு பக்கத்தில். மனைவி முட்டி வலிக்கிறது, வீட்டிலேயே இருக்கிறேன் என்று சொல்லியிருந்தாள். மேலேயிருந்து கொழுந்தியாளின் கூச்சலும் சிரிப்பும் கேட்டன. பயமா குஷியா என்று தெரியாத ஒரு சத்தம். மரங்களுக்கு நடுவில் சட்டை தெரிந்து மறைந்தது. அவருக்கு முப்பது வயது திரும்பிவிட்ட மாதிரி இருந்தது.

அப்போதுதான் கீழேயிருந்து தடத்தில் யாரோ வருவது கேட்டது. மனைவி. பம்ப் ஹவுசிலிருந்து மேட்டில், கையில் ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்க ஏறி வந்தாள். கணவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரைக் கடந்து, கையை ஊன்றிப் பாறைமேல் ஏறி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு தடத்தின் குறுக்கே நின்றாள்.

"நிறுத்துடி!"

தங்கை அலறிக்கொண்டு பிரேக்கைப் பிடித்தாள். வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்ப் புதரில் சாய்ந்தது. அவளும் சாய்ந்தாள்.

"என்னக்கா இது! நல்லாத்தானே வந்துக்கிட்டிருந்தேன்!"

"வந்தது போதும். இதுக்கு மேல இறங்கினா விழுவே. கை உடையும்."

"உனக்கென்ன பைத்தியமா?" என்று கீழேயிருந்து கத்தினார் வால்வுக்காரர். "முட்டியை வச்சுக்கிட்டு இங்க வந்து... அவ ஏன் விழப்போறா? நீ விழலையே!"

"நான் விழுந்திருக்கேங்க."

"எப்ப? நான் பாக்கவே இல்லையே?"

"நீங்க பாக்காதப்பதான் விழுந்தேன்."

கடைக்காரர் கடிதத்தை விரித்து, அப்போதுதான் முதல் தடவையாகப் படிப்பவர்போலக் கண்ணருகே பிடித்துக்கொண்டார்.

அவள் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "முதல் ஞாயிறு பிரேக் சரியில்லைன்னு சொன்னேனே, பிரேக்குக்கு ஒண்ணுமில்ல. இந்தப் பாறையைப் பாத்ததும் எனக்கு உயிரே போயிடுச்சு. அந்த வாரம் பூரா, நீங்க விடியக்காலம் பம்ப் ஹவுசுக்குக் கிளம்பினதும் நான் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு இங்க வந்துடுவேன். ஒன்பது மணிக்கு வேலைக்குப் போகணும், அது வரைக்கும் விழுவேன், எழுந்திருப்பேன், விழுவேன். வியாழக்கிழமை மணிக்கட்டுல ஒரு விரிசல். நம்ம ஆஸ்பத்திரியிலயே நர்ஸை விட்டுப் படம் எடுத்தேன், அந்தப் படத்தை நானேதான் கழுவினேன். கதவுல நசுங்கிடுச்சுன்னு உங்ககிட்ட சொன்னேன்."

"எதுக்கு?" என்றார் அவர்.

"முடியலைன்னா சொல்லு, பாறையைச் சுத்தி வேற வழி வெட்டிடறேன்னு நீங்க சொன்னீங்க. அப்ப உங்க கையைப் பாத்தேன். அஞ்சு மாசம் வெட்டின கை. கரண்டியைப் பிடிக்க முடியாம ரெண்டு கையால பிடிச்சுச் சாப்பிட்டீங்க. அந்தக் கையைப் பாத்துட்டு, இன்னும் வெட்டுங்கன்னு எந்த வாயால சொல்றது?"

"சரி, அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல? முப்பத்துநாலு வருஷம்!"

"தகரத்தை மாட்டினப்ப உங்க மூஞ்சியைப் பாத்தேன். அப்புறம் எப்படிச் சொல்றது? கை உடைஞ்சு வர்றவங்களை நிக்க வச்சுப் படம் எடுக்கறப்பல்லாம் வாய் வரைக்கும் வரும். முழுங்கிடுவேன். இன்னிக்கு என் தங்கச்சி. இதையும் முழுங்க முடியலைங்க."

 வால்வுக்காரர் தடத்தில் தனியாக இறங்கிப் போய்விட்டார்.

இரண்டு நாள் வீட்டில் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழவில்லை. கொழுந்தியாள்கூட அடங்கி ஒடுங்கி இருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தடம் கஷ்டமானது என்று தெரிந்ததில் அவருக்குப் பெரிய வருத்தமில்லை. நூறு பேர் சொன்னதுதான் அது. அவருடைய அந்த ஞாயிற்றுக்கிழமை போய்விட்டதே என்றுதான். முப்பத்துநாலு வருஷமாகத் தூங்கப் போகும்போது எடுத்துப் பார்த்துக்கொண்ட காலை. அதில் தான் பார்த்தது ஒன்று, நடந்தது வேறு. முட்டாள் மாதிரி சிரித்துக்கொண்டு பின்னாலேயே ஓடியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. அழுதார். கொல்லைப்பக்கக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார், சத்தம் கேட்கக் கூடாது என்று.

மூன்றாம் நாள் காலையில் மேலே போனார். சைக்கிளில்லாமல், வெறுங்கையோடு. பாறைக்குக் கீழே நின்று காலை வைத்து அளந்து பார்த்தார். அவருக்கு முட்டிக்குச் சற்று மேலே வந்தது. அவளுக்கு? அவர் தோளுக்கும் கீழேதான் அவள் உயரம். குந்தி உட்கார்ந்து அவள் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பாறையைப் பார்த்தார். சுவர் மாதிரி நின்றது. திருப்பத்துக்கு அப்பால் பள்ளம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. இதே இடத்தில் எத்தனை ஆயிரம் தடவை நின்றிருக்கிறார்! அவளுக்காக வெட்டிய தடத்தை, முதலிலிருந்து கடைசி வரைக்கும் தன் காலாலேயே அளந்திருக்கிறார். ஆறு விடியற்காலைகள் அவள் தனியாக இங்கே விழுந்து எழுந்திருக்கிறாள். தான் இழந்துவிட்டதாக நினைத்த ஒரு ஞாயிற்றுக்குப் பின்னால், யாருமே பார்க்காத ஆறு நாள் இருந்திருக்கிறது. அந்த ஆறு நாளையும் தான் பார்க்கவில்லையே என்ற ஆதங்கம் அப்போது வந்தது பாருங்கள், அது முதல் வருத்தத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

வீட்டுக்கு வந்து அவள் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"எத்தனை தடவை விழுந்தே?"

"முப்பதுக்கு மேல எண்ணலை."

"நான் ஒண்ணுகூடக் கவனிக்கலையே?"

"எப்படிக் கவனிப்பீங்க? சாப்பிடறப்பவே தூங்கி விழுவீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். உள்ளேயிருந்து கொழுந்தியாள், "அப்பாடா, இனிமே உப்பு கேட்டாப் பதில் வரும்" என்றாள்.

அன்று சாயங்காலமே கடைக்குப் போய், பாறைக்குக் கருப்புத் தகரம் அடித்து வைக்கச் சொன்னார். கடைக்காரர் நம்பாமல் பார்த்தார். "உடைக்க வேணாம். அது அப்படியே இருக்கட்டும். பாறையைச் சுத்தி நான் பச்சைக்கு வேற வழி வெட்டறேன்" என்றார். "மிஷின் அனுப்பறேன்ணே" என்றார் கடைக்காரர். "நீ தகரத்தை மட்டும் ஒழுங்கா அடி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

பத்தொன்பது நாள் வெட்டினார். அறுபத்துநாலு வயதில் மண்வெட்டி கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது. பாறைக்கு முன்னாலேயே பிரிந்து, சரிவைச் சுற்றி அகலமாகப் போய், கீழே பழைய தடத்தில் சேர்கிற வழி. இடையில் உள்ளங்கை கொப்பளித்தது. மனைவி பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். "மருந்து போட்டுக்குங்க" என்றாள். அவளுடைய சைக்கிளை அவரே துடைத்து எண்ணெய் விட்டுப் பூட்டி, சாவியை அந்தப் பத்தொன்பது நாளும் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். முன்கூட்டியே போய்ப் பழகிவிடக் கூடாதாம். "இந்த முட்டியோட நான் எங்க போகப் போறேன்?" என்று கேட்டாள். "உன்னை இனிமே நம்ப முடியாது" என்றார். நெடுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் புதுக் கல்யாணமான வீட்டின் களை இருந்தது. ஊருக்குத் திரும்ப வேண்டிய கொழுந்தியாள், விடுப்பை நீட்டித்துக்கொண்டு இருந்து பார்த்தாள்.

இருபதாம் நாள் காலையில் கடைக்காரரின் வண்டியில் சைக்கிளை ஏற்றி மேலே கொண்டுபோனார்கள். வால்வுக்காரர் புது வழியின் நடுவில், சரிவு திரும்புகிற இடத்தில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். வெகுநேரம் யாரையும் காணோம். பிறகு மெதுவாக, மிக மெதுவாக அவள் வந்தாள். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்திருந்தாள். தோள் இரண்டும் காதைத் தொட்டுக்கொண்டிருந்தன. பிரேக் விட்டு விட்டுக் கத்தியது. அவள் முகத்தில் இருந்ததை அவர் இத்தனை வருஷத்தில் பார்த்ததே இல்லை. திருப்பத்துக்கு நாலடி முன்னால் வண்டி ஆடியது. காலை ஊன்றி நின்றுவிட்டாள்.

"பயமா இருக்குங்க" என்றாள்.

வால்வுக்காரர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மண்வெட்டியைத் தூக்கினார்.

"எங்க?" என்று கேட்டார்.

"இந்தப் பக்கம் சரிவு அதிகம். இன்னும் ஒரு முழம் வெட்டணும்."

"அப்புறம்?"

"அந்த வேர். அதுவும் எனக்கு ஆகாது."

"வேற?"

அவள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு இடமாகக் காட்டினாள். ஒன்றையும் விடவில்லை. அவர் ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினார்.